பெனா ரெதொண்டாவில் நான் நொண்டிய கதை

அன்பு மகன் குகன்,

சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் முழங்காலில் ஒரு குறையும் இல்லை. ஆவணி மாதம் உங்கள் ஊர் பெனா ரெதொண்டாவில் நான் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தது, படிக்குப் படி நின்று மூச்சு விட்டது, எல்லாம் நடிப்பு. மருமகள் இனேஸ் பாவம், காலையும் மாலையும் எண்ணெயைச் சூடாக்கித் தடவிவிட்டாள். நீ காஸ்தெலு பிராங்கு நகரம் வரைக்கும் கார் ஓட்டிப் போய் முழங்காலுக்கு ஒரு இறுக்குப் பட்டி வாங்கிக்கொண்டு வந்தாய். அந்தப் பட்டி இப்போது அப்பாவின் காலில் இருக்கிறது. அவருக்கு உண்மையாகவே வலி, கடையில் நாள் முழுக்க நிற்கிறவர். ஆகவே உன் அலைச்சல் வீண் போகவில்லை என்று வைத்துக்கொள்.

போன கிழமை நீ போன் எடுத்து, லண்டன் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், குளிர்காலமும் இனி அங்கேதான் என்று சொன்னபோது நான் ‘சரி’ என்று மட்டும் சொன்னேன். பிறகு நீ அப்பாவிடம் தனியாக, ‘அம்மாவுக்குக் கோபமோ?’ என்று கேட்டாயாம். கோபம் இல்லை. போனில் கதைத்தால் அப்பா பக்கத்தில் நின்று நான் சொல்லாத பதில்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார், நடுவில் கடைக்கு ஆள் வரும், கதை அறுந்துபோகும். அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைக் கடையில் விட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காட்டுத் தீ வந்த நாளில் நீ என்னைக் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதையும் சொல்கிறேன். உன்னை இனித் திரும்பி வா என்று ஏன் கேட்கப் போவதில்லை என்பதும் அந்தப் பதிலோடு சேர்ந்ததுதான்.

எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்பதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கி வேலை போய்விட்டது என்று நீ வந்து சொன்ன மாலையில் கவலை இருந்தது, கோபம் இல்லை. அந்தக் குளிர்காலம் எத்தனையோ பேருக்கு வேலை போனது, இன்னொன்று கிடைக்கும் என்று நினைத்தேன். பிறகு சித்திரையும் வைகாசியும் வந்தன. போரை நிறுத்தச் சொல்லி, லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் றோட்டில் நாங்கள் மூன்று பேரும் நின்ற நாட்களை உனக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. நீ எனக்காக மடிக்கிற கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய், நான் அதில் உட்காரவே இல்லை. ஊரில் எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் ரிவியைப் போடவில்லை. அப்பா கடையைத் திறந்தார், பூட்டினார். அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் நீ சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னாய், இனேஸின் பாட்டன் விட்டுப்போன வீடு ஒன்று போர்த்துக்கல்லில் மலை உச்சியில் பூட்டிக் கிடக்கிறது, அதைத் திருத்தி வருகிறவர்களுக்கு அறை கொடுக்கப் போகிறோம், அங்கேயே இருக்கப் போகிறோம் என்று.

நான் கேட்டது உனக்கு மறந்திருக்காது. “எங்கட ஊர் உப்பிடிக் கிடக்கிற நேரத்திலை, நீ போய் ஆரின்ரையோ ஊரைக் கட்டி எழுப்பப் போறியோ?” நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். இனேஸுக்குத் தமிழ் விளங்காது. என் குரல் விளங்கியது. எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். கழுவி முடிந்த பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் ஆனியிலேயே போய்விட்டீர்கள். ஆவணியில் ‘சும்மா பார்க்க வருகிறேன்’ என்று உன்னிடம் சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவிடம் சொன்னது வேறு. “ஒரு கிழமை நிண்டு அவனைக் கையோடை கூட்டிக்கொண்டு வாறன்” என்றேன். அவர் கடைக்குப் பின்னால் வாழைக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே, “அவன் என்ன பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளையே? நீர் போய்ப் பாத்திட்டு வாரும். கூட்டிக்கொண்டு வாறதைப் பேந்து யோசிப்பம்” என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்தைந்து வருடமாக அவர் சொல்வதைக் காதில் போடாமல்தான் இந்தக் குடும்பம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

லிஸ்பனில் இருந்து நீ ஓட்டிக்கொண்டே இருந்தாய். வழியெல்லாம் காய்ந்த புல்லும், இடுப்புவரை தோல் உரித்து விட்ட சிவந்த மரங்களும். போத்தல் அடைக்கிற தக்கை அந்த மரத்தின் பட்டைதான் என்று சொன்னாய். நான் ‘ம்’ கொட்டினேன், மனதுக்குள் உனக்குச் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு அந்த மலை வந்தது. கார் ஊர் வாசலோடு நின்றுவிட்டது, அதற்கு மேல் கல் பாவிய ஒழுங்கைகள்தான். குகன், நான் நிறைய இடம் பார்த்தவள், அப்படி ஒரு ஊரைப் பார்த்ததில்லை. வீட்டளவு உருண்டைக் கற்கள், அவற்றுக்கு இடுக்கில் வீடுகள். ஒரு வீட்டுக்கு ஒற்றைப் பாறைதான் கூரை. இன்னொரு வீட்டில் பாறை சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அறையில் பாதியைப் பிடித்திருக்கிறது, அதற்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுக்கிறார்கள். “மழைக்கு இது உருளாதோ?” என்று கேட்டேன். இனேஸ் சிரித்து, ரோமர் காலத்தில் இருந்து உருளவில்லை, மாமி வந்த கிழமையில் உருளாது என்றாள். அவள் ‘மாமி’ என்கிறபோது அந்த மி கொஞ்சம் நீளும். அது எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்கு நான் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றைக்கே அவள் என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போய்க் ‘கொஸீஞா’ என்றாள். “குசினி” என்றேன் நான். கதிரையை இழுத்துப் போட்டுக் ‘கதெய்ரா’ என்றாள். மேசை, யன்னல், அலுமாரி, துவாய், பாண் என்று நான் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லச் சொல்ல, அவள் கண்ணை விரித்துக்கொண்டு தன்னுடைய சொல்லைச் சொன்னாள். “இவையள் எங்கட சொல்லையெல்லாம் கொண்டுவந்து வைச்சிருக்கினம்” என்று உன்னிடம் சொன்னேன். நீ மொழிபெயர்த்தாய், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சண்டை பிடிக்க வந்த இடத்தில் முதல் நாளே சிரித்துவிட்டோமே என்று பிறகு என் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் மாலை நீ என்னைக் கோட்டைக்குக் கூட்டிப் போனாய். இவர்கள் கட்டிய கோட்டையை யாழ்ப்பாணத்தில் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே இவர்களுடைய சொந்தக் கோட்டை கூரையும் கதவும் இல்லாமல் ஆடு மேயக் கிடந்தது. பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேலே ஏறி நின்றபோது கீழே ஸ்பெயின் வரைக்கும் வெளி தெரிந்தது. அங்கே வைத்துத்தான் நான் அடுக்கி வைத்திருந்ததையெல்லாம் இறக்கினேன். படிப்பு, வேலை, சொந்தக்காரர், நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அது எந்த மொழி பேசும் என்பது வரை. நீ காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றாய். முடிந்த பிறகு மெதுவாகத்தான் சொன்னாய்.

“அம்மா, நீங்களும் அப்பாவும் போன இடமெல்லாம் போகத்தான் வேணும் எண்டு போனனீங்கள். கொழும்பு, பாரிஸ், லண்டன். ஒண்டையும் நீங்கள் விரும்பி எடுக்கேல்லை. விரும்பின இடத்துக்குப் போற வசதியை எனக்கு நீங்கள்தான் உழைச்சுத் தந்தனீங்கள். இப்ப அதைப் பாவிக்க வேண்டாம் எண்டு சொல்லுறியள்.”

“வாய் நீண்டுபோச்சு உனக்கு” என்று சொல்லிவிட்டு நான் திரும்பி இறங்கினேன். அந்தச் செங்குத்துப் பாதையில் உனக்கு முன்னால் நான் இறங்கிய வேகத்தை நீ கவனித்திருந்தால், அதன் பிறகு என் முழங்காலை நம்பியிருக்க மாட்டாய். ஆனால் உன் வார்த்தை என்னோடு இறங்கி வந்தது. பாரிஸில் நீ ஆறு வயதில், காலுக்கு எட்டாத கதிரையில் உட்கார்ந்து வைத்தியருக்கு என் வயிற்று வலியைப் பிரெஞ்சில் சொன்னவன். எந்த இடத்தில் வலி, எப்போது கூடுகிறது என்று என்னைப் பார்த்துக் கேட்டுக் கேட்டுச் சொன்னாய். எல்லோரும் உன்னை மெச்சினார்கள், எனக்கும் பெருமை. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற நேரம் எங்கள் யாருக்கும் அப்போது இருக்கவில்லை. அது யாருடைய பிழையும் இல்லை, காலம் அப்படி. ஆனால் நீ இப்போது கேட்காமலே சொல்கிறாய், அதைக் கேட்க எனக்கு இப்போது நேரம் இருக்கிறது என்று அன்று இரவு யோசித்தேன். யோசித்தேனே தவிர, மனம் மாறவில்லை. மாற வைத்தது ஜோவாக்கிம்.

உங்கள் பக்கத்து வீட்டு ஜோவாக்கிமோடு நான் எப்படிக் கதைத்தேன் என்று ஊரில் எல்லோருக்கும் ஆச்சரியம். அது லேசான விஷயம். அவர் வாலிபத்தில் பிரான்சுக்குப் போய் மேசன் வேலை செய்தவர், பாரிஸைச் சுற்றிக் கட்டடம் கட்டினவர். நான் பாரிஸில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்தவள், என் பிரெஞ்சு முழுக்க என்னோடு வேலை செய்த போர்த்துக்கேயப் பெண்களிடம் கற்றது. அவருடைய பிரெஞ்சுக்கும் என் பிரெஞ்சுக்கும் ஒரே இடத்தில்தான் ஓட்டை. நான் துடைத்த நிலங்களில் சிலதை அவரே போட்டிருக்கலாம் என்று சொன்னேன், அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் பிரான்சில். ஒரு கழுதை, கொஞ்சம் தேன்கூடு, ஒலிவ் மரங்கள், அந்த வீடு. பிரான்சில் இருந்து ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வருகிறபோது யன்னல் சட்டங்களைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு வந்து, தன் கையாலேயே கட்டிய வீடு என்று ஒவ்வொரு கல்லாகக் காட்டினார்.

தீ வந்த அன்று காலையில் புகை ஆற்றுக்கு அப்பால்தான் இருந்தது. யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மத்தியானம் காற்றுத் திரும்பியது. முற்றத்தில் காயப்போட்ட உன் சேட்டில் சாம்பல் விழுந்ததை நான்தான் முதலில் கண்டேன். மாதா கோவில் மணி அடித்தார்கள், பொலிஸ்காரர் வந்து எல்லோரும் மேற்குப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். நீயும் இனேஸும் நடக்க ஏலாதவர்களையெல்லாம் காரில் ஏற்றி இறக்கினீர்கள். கடைசித் தடவை, எனக்கென்று வைத்த இடத்தில் பிரான்சில் இருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பெண்ணைக் குழந்தையோடு ஏற்றிவிட்டேன். “அம்மா, உங்களுக்குப் பைத்தியமே? ஏறுங்கோ!” என்று கத்தினாய். “நீ போ, நான் பொலிஸின்ரை ஜீப்பிலை வாறன்” என்றேன். அந்தக் குழந்தை புகையில் இருமி இருமி அழுதது. நீ போனாய். வேறு என்ன செய்திருப்பாய்.

ஜீப்பில் ஏறத்தான் நான் திரும்பினேன். அப்போதுதான் ஜோவாக்கிமைக் கண்டேன். தன் வீட்டு வாசலில் கதிரையைப் போட்டு, கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஒரு இளம் பொலிஸ்காரன் அவருக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தான். அவனுடைய வயர்லெஸ்ஸில் யாரோ கூப்பிட, என்னைக் கீழே போகும்படி கை காட்டிவிட்டு மேல் ஒழுங்கைக்கு ஓடினான். ஊர் வாசலில் நின்ற ஜீப்பும் அந்தக் கூப்பாட்டுக்கு எங்கேயோ போய்விட்டது. நானும் ஜோவாக்கிமும் மிஞ்சினோம். நான் போய் அவர் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

“மேடம், நீங்கள் ஏன் நிக்கிறியள்? இறங்குங்கோ” என்றார்.

“நீங்கள் வரேல்லையோ?”

“நான் ஒருக்கால் போனனான். என்ரை வாலிபம் முழுக்க அங்கை சீமெந்து குழைச்சனான், இந்த வீட்டுக்காக. இனி ஒரு இடமும் போறதில்லை.”

“என்ரை வீடும் போனதுதான். வீடு போனாலும் ஆள் இருக்கலாம். நான் இருக்கிறன், பாருங்கோ.”

“நீங்கள் அப்ப இளம் ஆள். எனக்கு இனி எங்கை போய் என்னத்தைக் கட்டுறது?”

பிள்ளைகளைச் சொன்னேன், அசையவில்லை. கழுதையைச் சொன்னேன், கயிற்றை அவிழ்த்து விட்டால் அது போகும் என்றார். காற்று சூடாகிவிட்டது, கிழக்குச் சரிவில் மரங்கள் வெடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அந்த முகம் தெரிந்த முகமாக இருந்தது. குகன், உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் சண்டைக்குப் பயந்து எல்லோரும் வெளிக்கிட்ட நாளில், உன் அம்மப்பா இப்படித்தான் கதிரையைப் போட்டு விறாந்தையில் இருந்தார். நாங்கள் அழுதோம், காலில் விழுந்தோம். கெஞ்சக் கெஞ்ச அவர் இன்னும் பாரமாகிக்கொண்டே போனார். நான் பை ஒன்றை எடுக்க வேண்டி, கையில் இருந்த உன்னை அவர் மடியில் வைத்து, “ஐயா, இவனை ஒருக்காப் பிடியுங்கோ” என்றேன். ஒரு யோசனையும் வைத்துச் செய்யவில்லை, கை நோவில் செய்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் எழுந்து நின்றார். உன் தலைக்கு வெயில் படாமல் சால்வையைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு நெடுங்காலம் இருந்தார். நீ பாரிஸில் இருந்து அனுப்பிய படங்களையெல்லாம் வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டு இருந்தார்.

ஜோவாக்கிமின் மடியில் வைக்க என்னிடம் குழந்தை இல்லை. என்னைத்தான் வைக்க வேண்டியிருந்தது. “சரி, நான் போறன்” என்று எழுந்தேன். இரண்டு படி இறங்கி, மூன்றாவதில் “ஐயோ!” என்று கத்திக்கொண்டு இடது முழங்காலைப் பிடித்து உட்கார்ந்தேன். ஐயோ எந்த மொழிக்காரருக்கும் விளங்கும்.

“என்ன, என்ன?”

“முழங்கால். ஊண்ட ஏலாமல் கிடக்கு.”

“மகன் எங்கை?”

“கார் போயிட்டுது. ஜீப்பும் போயிட்டுது.”

அவர் நெருப்பைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போர்த்துக்கேயத்தில் ஏதோ நீளமாகத் திட்டினார். என்னையா, தீயையா, கடவுளையா தெரியாது. பிறகு குழாயைப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினார். ‘ஷாவ், ஷாவ்’ என்று முணுமுணுத்துக்கொண்டு சேட்டுப் பையைத் தட்டிச் சாவி இருக்கிறதா என்று பார்த்தார். அந்த நெருப்புக்குள்ளும் அந்தச் சொல் எனக்குத் தமிழில் கேட்டது.

அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம் என்பதுதான் என் கணக்கு. அவர் போய்க் கழுதையைக் கொண்டுவந்து நிறுத்தினார். கழுதையை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் அது மூதேவியின் வாகனம், நான் அதற்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை. ஆனால் நோவு என்று சொல்லியாயிற்று, இனி நடக்கிறேன் என்று சொல்ல முடியுமா? திண்டு மாதிரி இருந்த ஒரு கல்லில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு முருகா என்று உட்கார்ந்தேன். தார் றோட்டில் புகை மூடிவிட்டது, அவர் என்னை மேற்குப் பக்கத்துப் பழைய கல்பாதையால் இறக்கினார். முதுகில் சூடு தெரிந்தது. சாம்பல் பொட்டுப் பொட்டாக என் கையில் விழுந்தது. கழுதை ஒவ்வொரு கல்லாக மணந்து பார்த்துத்தான் கால் வைத்தது. வழி முழுக்க அவர் அதோடு கதைத்தார், என்னோடு ஒரு வார்த்தை இல்லை. நான் அதன் பிடரி மயிரைப் பிடித்திருந்த பிடியில் என் விரல்கள் மறுநாளும் நீளவில்லை. அந்த நோவு உண்மை.

பள்ளிக்கூட வாசலில் நீ இரண்டு பொலிஸ்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாய், மேலே திரும்பிப் போக விடச் சொல்லி. எங்களைக் கண்டதும் உன் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சிரித்தாய், அழுதாய், என்னைத் தூக்கி இறக்கினாய். எல்லோரும் ஜோவாக்கிமைச் சுற்றி நின்று முதுகில் தட்டினார்கள். “நாங்கள் எல்லாரும் கெஞ்சிப் பாத்தம். அம்மா, நீங்கள் அந்த மனுசனுக்கு என்னதான் சொன்னனீங்கள்?” என்று கேட்டாய். “சும்மா கதைச்சனான்” என்றேன். அவர் பக்கத்தில் நிற்கும்போது வேறு என்ன சொல்ல?

மறுநாள் மேலே போனோம். ஊர் தப்பியது, தீயணைப்புக்காரர் கிழக்குச் சுவரோடு மறித்துவிட்டார்கள். ஜோவாக்கிமின் வீட்டுக்கு ஒன்றும் இல்லை. வைக்கோல் கொட்டிலும் தேன்கூடுகளும் ஒலிவ் மரங்களில் பாதியும் போய்விட்டன. அவர் கரிந்த மரங்களுக்குள் தனியாக நடந்து போய், தனியாகத் திரும்பி வந்தார். அந்த இரண்டு மூன்று நாளில்தான் நான் உன்னைப் பார்த்தேன். முன்னரும் பார்த்திருக்கிறேன், இப்போது உட்கார்ந்து பார்த்தேன், நொண்டிக்கு வேறு வேலை தரமாட்டார்கள். குசினியில் இனேஸ் எடுத்துத் தந்த பெரிய தாச்சியில் தீயணைப்புக்காரருக்கும் ஊருக்கும் சேர்த்துப் பருப்புக்கறி வைத்தேன். மிளகாயைக் குறைத்துத்தான் போட்டேன், ஆனாலும் இரண்டு பேருக்குக் கண்ணீர் வந்தது. யன்னலால் பார்த்தால் ஒழுங்கையில் “குகா! குகா!” என்று உன்னை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மரம் தூக்க, குழாய் இணைக்க, ஒரு கிழவியின் கதவைத் திறக்க. உனக்கு எல்லோருடைய பெயரும் தெரிந்திருந்தது, அவர்களுடைய நாய்களின் பெயரும் தெரிந்திருந்தது. லண்டனில் நீ இருந்த கட்டடத்தில் எதிர்க் கதவில் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன், தெரியாது என்றாய். முகத்தில் கரியோடு, சேட்டுக் கிழிந்து, நீ யாரோ சொன்ன பகிடிக்குத் தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் பாரிஸிலும் காணவில்லை, லண்டனிலும் காணவில்லை.

நான் வெளிக்கிட்ட காலையில் ஜோவாக்கிம் ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெய் கொண்டுவந்து தந்தார். நீ பெட்டியைக் காருக்குக் கொண்டுபோன நேரம். நான் அவரை வழியனுப்ப ஒழுங்கை வரை நொண்டிக்கொண்டு போனேன். அவர் நின்று என் காலைப் பார்த்தார்.

“மேடம், தீ வந்தண்டைக்கு இடது கால். இண்டைக்கு வலது.”

நான் காலை மாற்றி ஊன்றினேன்.

“நான் மேசன். சுவர் எந்தப் பக்கம் சாயுது எண்டு பாக்கிறதுதான் என்ரை தொழில்” என்றார். “கழுதையிலை ஏறேக்கையே கண்டிட்டன். அந்த இடது காலை ஊண்டித்தான் ஏறினனீங்கள்.”

“தெரிஞ்சும் ஏன் வந்தனீங்கள்?”

அவர் காதுக்குப் பின்னால் சொறிந்தார். “கதவைப் பூட்டிப்போட்டன். திரும்பத் திறந்துபோட்டு இருக்க வெக்கமாய்ப் போச்சு.” பிறகு பாதி சிரிப்பாக, “எழும்பிப் போக ஆரும் ஒரு சாட்டுத் தந்தால் நல்லது எண்டுதான் இருந்தனான். பொலிஸ்காரனுக்கு அது விளங்கேல்லை” என்றார்.

லிஸ்பன் வரைக்கும் நான் பேசாமல் வந்ததற்குக் காரணம் அதுதான். உன்னைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாய். பிடித்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். லண்டனுக்குத் திரும்பி வந்து அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைக் கணக்கை மூடி வைத்துவிட்டு, “நீர் கழுதையிலை ஏறினதை ஆரும் படம் எடுத்தவையோ?” என்று கேட்டார். நல்லவேளை, இல்லை.

ஆகவே மகன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எடுக்கக்கூடியதை எடு. உன் வேலையில் வருகிறவர்களும் போகிறவர்களும் இருப்பார்கள், ஊரில் நிரந்தரமாக இருக்கிறவர்களோடுதான் உன் காலம். அவர்களுக்கு உதவி செய்ய ஓடுகிறாய், சரி. ஆனால் அவர்களிடம் உதவி கேட்கவும் பழகு, உனக்குத் தனியாகச் செய்ய முடிந்த வேலைக்கும் கேள். கேட்டால் மனிதர் எழுந்து வருவார்கள், கட்டளையிட்டால் கதிரையில் இன்னும் ஆழமாக உட்காருவார்கள். ஜோவாக்கிமுக்கு இனி ஒலிவ் மரம் நடத் துணை வேண்டும். ‘நான் நட்டுத் தாறன்’ என்று போய் நிற்காதே. ‘எப்பிடி நடுறது எண்டு எனக்குக் காட்டுங்கோ’ என்று போ. இனேஸோடும் அப்படியே. அவள் தன் ஊரில் இருக்கிறாள், நீ இன்னொருவருடைய ஊரில் இருக்கிறாய். சில நாளில் அது உனக்குக் குத்தும். குத்துகிற அன்றைக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்கு ஏறாதே, அவளிடம் சொல். அவள் சிரித்துப் பேசுகிற பிள்ளை, ஆனால் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு நிற்கத் தெரிந்தவளும்கூட. அந்தச் சத்தம் கேட்டால் போய்ப் பக்கத்தில் நில்.

நான் மேசையில் கேட்ட கேள்வியை முழுதாகத் திருப்பி எடுக்கவில்லை. எங்கள் ஊரை நினைத்தால் இன்னும் சோறு இறங்குவதில்லை, அதற்கு உன்னிடமும் என்னிடமும் பதில் இல்லை. ஆனால் அந்தத் துக்கத்துக்கு வாடகையாக உன் வாழ்க்கையைக் கேட்டேன், அது நியாயம் இல்லை. பாறைகளுக்கு இடையில் ஒரு இடிந்த வீட்டுக்குக் கூரை போடுகிற பிள்ளையைப் பெற்றிருக்கிறேன். அது எந்த நாட்டுக் கூரை என்றாலும் எனக்குப் பெருமைதான். கோவிலில் சந்திக்கிறவர்கள் ‘மகன் என்ன செய்யிறார்?’ என்று கேட்கிறார்கள். முதலில் வங்கி, விடுமுறை என்று இழுத்துக்கொண்டு நின்றேன். இப்போது ‘போர்த்துக்கல்லிலை வீடு கட்டுறார்’ என்று சத்தமாகச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை ஒரு அக்கா, அறை என்ன விலை என்று கேட்டார். உன்னிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. உன் அறையைக் கொடுத்துவிட்டேன். சுவிஸில் இருந்து இங்கே குடிவந்த ஒரு இளம் சோடி, அவர் கட்டட வேலை, அவள் நிறைமாதம், இடம் கிடைக்காமல் அலைந்தார்கள். அப்பா உன் படிக்கிற மேசையைக் கழற்றிக் கொட்டிலில் வைத்துவிட்டார், உன் கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டில் வைக்க இடம் வந்துவிட்டது. சுவரில் நீ ஒட்டிய உதைபந்தாட்டப் படங்களைக் கழற்றட்டுமா என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். நானே ஏணி வைத்து ஏறிக் கழற்றினேன். கொஞ்சம் அழுதேன், பிறகு சுவரைத் துடைத்தேன், அறை வெளிச்சமாகிவிட்டது. தைப்பொங்கலுக்கு நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். முன் அறையில் சோபாவை விரித்துத் தருகிறேன், நல்ல போர்வை இருக்கிறது. சனிக்கிழமை கடையைப் பார்க்கச் சொல்ல மாட்டேன், பாத்திரம் கழுவ விட மாட்டேன். இந்த வீட்டுக்கு நீ முதல் முறையாக விருந்தாளியாக வருகிறாய், மகன். எப்போது வருகிறாய் என்று சொல், அப்பா ஆட்டிறைச்சிக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அம்மா